பின்கதவின் கைப்பிடி

சத்தம் முதலில் கேட்டது செவ்வாய்க்கிழமை மத்தியானம், பாண்டியன் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது. டக். ஷெட்டுக்குள் நின்ற பழைய நாலு கதவு பிக்கப்பிலிருந்து, கதவின் உள்கைப்பிடியை யாரோ இழுத்து விட்ட சத்தம். வண்டியில் யாரும் இல்லை. அவன் மனைவி பானுமதி தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டபடி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சத்தத்துக்காக அவன் பயப்படவில்லை. வெயிலில் தகடு விரியும், சத்தம் வரும். இருபது வருஷமாக டிங்கர் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் புதிதில்லை. அவன் கையைச் சோற்றிலேயே நிறுத்தியது, அந்தச் சத்தம் ஒற்றையாக வந்ததுதான். ஒழுங்கான கைப்பிடி இரண்டு சத்தம் போடும். டக் என்று கைப்பிடி இழுபடும். கதவுக்குள் இருக்கிற கம்பி போய் லாக்கைத் தட்ட, டொக் என்று விடும். டக் மட்டும் வந்தால் கைப்பிடிக்குப் பின்னால் கம்பி இல்லை என்று அர்த்தம். இழுக்கலாம், திறக்காது. அப்படி ஒரு கைப்பிடியை மாட்டியவன் யார் என்று பாண்டியனுக்குத் தெரியும். மிச்சச் சோற்றை நாய்க்குப் போட்டுவிட்டுக் கை கழுவினான்.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பேட்டையின் கடைக்கோடியில், மூடிப்போன பொம்மைக் கம்பெனியின் ஷெட்டைப் பிடித்துத்தான் அவன் பழைய வண்டிகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தான். மூலையில் அணைந்த சூளை அப்படியே இருந்தது. எத்தனை முறை பெருக்கினாலும் உத்திரத்திலிருந்து வெள்ளைக் களிமண் தூசி கொட்டிக்கொண்டே இருக்கும். தின்னர் வாசனையும் ரெக்ஸின் பசை வாசனையும் வெல்டிங் கருகலும் அதோடு கலந்து, அக்கினி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அசையாமல் நிற்கும். தகடும் பெயிண்டும் அவன் வேலை, சீட்டுத் தையல் அவள் வேலை. முன்பு பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்த பானுமதி ஒரு வருஷமாகத்தான் இங்கே வருகிறாள். வாழ்க்கையில் உருப்படியாகக் கிடைத்தது அவள் ஒருத்திதான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பிக்கப் போன வாரம் வந்தது. புதுச்சேரியில் குருமூர்த்தி என்ற பழைய வண்டிப் பைத்தியம் எங்கேயோ பழைய இரும்பு யார்டில் பார்த்து வாங்கி, லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். போனில் வேலையைச் சொன்னார்.

"பின்கதவு ரெண்டுலயும் வெளிக் கைப்பிடிய எடுத்துடுங்க பாண்டியன். ஓட்டைய அடைச்சுப் பட்டி போட்டு வழவழன்னு ஆக்கிடுங்க. பொத்தான அமுக்குனா தொறக்குற மாதிரி மோட்டர் வச்சுக்கலாம். முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவுல கம்பி வலை இருக்குது பாருங்க, அதத் தொடாதீங்க. அந்தக் காலத்து வேலை."

அந்தக் காலத்து வேலை இல்லை அது. நாலு வருஷத்துக்கு முன்னால் பாண்டியன் வெல்டு வைத்தது. பழைய பெயிண்டைச் சுரண்டியபோது பின்கதவின் அடி விளிம்பில் மூன்று வெல்டிங் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. கை வைக்கிற வண்டிக்கெல்லாம் அவன் போடுகிற அடையாளம். நிறம் மாறியிருந்தது, நம்பர் மாறியிருந்தது, புள்ளி மாறவில்லை. பானுமதி பார்ப்பதற்குள் அரத்தை எடுத்து மூன்றையும் தேய்த்தான்.

வண்டி அப்போது நல்லூர்ப் பக்கம் தனக்கோடி என்பவருடையது. நடவுக்குக் கூலிப் பெண்களை ஏற்றி இறக்க நாலு கதவு வண்டி வேண்டும் என்று வந்தார். "சேறும் சகதியுமா ஏறுவாளுங்க. முன்னால ஒட்டாம நடுவுல ஒரு வலை போட்டுடு. பின் கண்ணாடி எறங்கவே வேணாம், வெத்தல எச்சியத் துப்புவாளுங்க" என்றார். பாண்டியன் வலை போட்டான், பின் கண்ணாடிகளை ரப்பர் வைத்து நிறுத்தினான். பின்கதவு இரண்டுக்கும் உள்கம்பி கிடைக்கவில்லை. சென்னையில் சொல்லி வைத்தால் பத்து நாள் ஆகும். தனக்கோடிக்கு மறுநாளே வண்டி வேண்டும். கைப்பிடியை மட்டும் ஸ்பிரிங்கோடு மாட்டி, கதவின் உட்பக்கத்தை ரெக்ஸின் பேடு அடித்து மூடினான். பார்த்தால் அசல் கைப்பிடி. கம்பி வந்ததும் கூப்பிட்டு மாட்டிவிடலாம் என்று நினைத்தான். கம்பி வந்தது. இன்னும் அலமாரியில் பேப்பர் சுற்றியபடி கிடக்கிறது.

இரண்டே மாதத்தில், நடவு முடிந்து திட்டக்குடிப் பக்கமிருந்து திரும்புகிற வழியில் வண்டி வாய்க்காலுக்குள் இறங்கியது. முன்னால் இருந்த தனக்கோடியும் டிரைவரும் நீந்திக் கரையேறினார்கள். பின்னால் நாலு பெண்கள். "வெளியிலேருந்து தொட்டதும் கதவு தொறந்துக்கிச்சாம். பயத்துல இழுக்கத் தெரியாம போயிருக்கும், பொம்பளைங்கதான" என்றார் டீக்கடையில் ஒருவர். நாலு பேருக்கும் விரல் நகம் பேந்திருந்தது என்றார் இன்னொருவர். பாண்டியன் தலையை ஆட்டிக்கொண்டே கையிலிருந்த பஜ்ஜியைத் தின்று முடித்தான்.

நாலு பேரில் ஒருத்தி அம்புஜவல்லி, பானுமதியோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். சாவுக்குப் போய்வந்த பானுமதி மூன்று நாள் சாப்பிடவில்லை. "அந்தக் கதவ செஞ்சவன் கையி அழுவிப் போவணும்ங்க" என்று அவனிடமே சொன்னாள். அவளுக்கு ரசம் ஊற்றிக் கொடுத்தபடி, "போவும், போவும்" என்றான். கதவைச் செய்தவன் யார் என்பது தனக்கோடிக்கு மட்டும் தெரியும். வலையை நினைத்து அவர் வாயைத் திறக்கவில்லை, கம்பியை நினைத்து இவன் திறக்கவில்லை.

இப்போது அதே வண்டி. பேடைக் கழற்றிக் கம்பியை மாட்டினால் கதவுக்கு அரைமணி நேர வேலை. ஆனால் பேடு வேலை பானுமதியின் வேலை. கம்பி இல்லாத கைப்பிடி, நடுவில் வலை, இறங்காத கண்ணாடி. மூன்றையும் கூட்டிப் பார்க்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது. அதற்குப் பிறகு அவள் ஷெட்டிலும் இருக்க மாட்டாள், வீட்டிலும் இருக்க மாட்டாள். அதனால், "பழைய பேடு நல்லாத்தான் இருக்குது, அதும் மேலயே புது ரெக்ஸின ஒட்டிடு" என்று சொல்லிவிட்டான்.

புதன்கிழமை பின்சீட்டைத் தூக்கியபோது, காய்ந்து வெடித்த வாய்க்கால் சேற்றில் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள் பதிந்திருந்தன. வாரிக் கொண்டுபோய்ச் சூளைக்குள் போட்டான். விரலில் ஒரு துண்டு கிழித்தது. சூளையின் இருட்டிலிருந்து தலையை எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது. டக். கொஞ்சம் பொறுத்து, எதிர்க்கதவில், டக்.

வியாழக்கிழமை கதவுக் கண்ணாடி வேர்த்திருந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். தொட்டால் கை சுடுகிற தகடு. கண்ணாடியின் உட்பக்கம் மட்டும் பொடிப் பொடியாய் நீர்த்துளி.

"ஏங்க, உள்ள தண்ணி ஊத்துனீங்களா? சீட்டுக்கு அடியில சில்லுனு இருக்குது."

"இல்லியே. பசை காயலபோல."

"பசை இல்லீங்க. வாய்க்கா வாசன அடிக்குது."

அவளை டீ வாங்க அனுப்பினான். இடது கதவின் பேடில் அடி ஸ்குரூ இரண்டைக் கழற்றினான், அவள் வருவதற்குள் இந்த ஒன்றையாவது முடித்துவிடலாம் என்று. அலமாரியிலிருந்து கம்பியை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேடைக் கொஞ்சம் நெம்பி, கதவின் வெற்றிடத்துக்குள் வலது கையை விட்டுக் கைப்பிடியின் பின்பக்கத்தைத் துழாவினான். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. ஈரமாக இருந்தது. இன்னொரு கையும் அங்கே துழாவிக்கொண்டிருந்தது.

அது அவனைப் பிடிக்க வரவில்லை. எதையோ தேடியது. அவன் ஆட்காட்டி விரலில் பட்டதும் நின்றது. விரலின் நீளத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தது. பிறகு, கம்பிதான் என்று நினைத்ததுபோல, அதைப் பிடித்து ஒரு தரம் இழுத்தது. நகம் இல்லாத நுனிகள்.

அவன் கையை உருவிக்கொண்ட வேகத்தில் முழங்கைத் தோல் உரிந்தது. ஸ்குரூவைத் திரும்ப முடுக்கினான். கம்பியைப் பேப்பரில் சுற்றி அலமாரியில் வைத்தான். பானுமதி டீயோடு வந்தபோது வண்டிக்குள் நாலு தரம் கேட்டது, ஒவ்வொன்றும் நிதானமாக. "கூரையில காக்கா" என்றான் அவள் கேட்பதற்கு முன்னாலேயே.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. வெளிக் கைப்பிடி இருந்த இடங்கள் பட்டி காய்ந்து, தேய்த்து, தடவினால் மேடு பள்ளம் தெரியாமல் இருந்தன. கதவைத் திறக்கிற மோட்டரும் மாட்டியாகிவிட்டது, பொத்தான் இப்போதைக்குப் பானெட்டுக்குள் ஒயரில் தொங்கியது. வெல்டிங்குக்காகக் கழற்றிய பேட்டரி சுவரோரம் சார்ஜில் இருந்தது. வலது பின்கதவு சாத்தியிருந்தது. இடது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பானுமதி பின்சீட்டில் உட்கார்ந்து, சீட்டு ஓரத்தில் தைத்த பைப்பிங்கை இழுத்துச் சரி செய்துகொண்டிருந்தாள். வெயிலுக்கு முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"கதவ சாத்திப் பார்த்தாதாங்க பைப்பிங் இடிக்குதான்னு தெரியும். உள் கைப்பிடி வேலை செய்யுதில்ல?"

அவள் கை கதவில் இருந்தது. உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. நன்றாகவே இருந்தது. சாத்தாதே, வெளியே வா என்று இரண்டு வார்த்தை. ஏன் என்று அவள் கேட்பாள். கேட்டால் பேடைக் கழற்ற வேண்டும். பேட்டரியை மாட்டிப் பொத்தானை அமுக்க இரண்டு நிமிஷம் போதும், அவளுக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டான்.

"செய்யுது" என்றான். "இழுத்தா தொறக்கும்."

கதவைச் சாத்தினாள். நல்ல கதவு, அதிர்ச்சியே இல்லாமல் போய் உட்கார்ந்தது. அவன் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான்.

டக்.

"ஏங்க, தொறக்கல." கண்ணாடிக்குப் பின்னால் அவள் குரல் தூரத்தில் கேட்டது.

"நல்லா இழு."

டக்.

கண்ணாடி வேர்த்தது. அடியிலிருந்து மேலாக, ஒரே சீராக. அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். சீட்டின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கண்ணாடியின் கீழ் விளிம்பில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அது ஏறியது.

பேட்டரியை வைத்தான். இரண்டு கிளிப்பையும் மாட்டிப் பொத்தானை அமுக்கினான். மோட்டர் முனகி நின்றது. திரும்ப அமுக்கினான். முனகக்கூட இல்லை. முன்கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தான். முன்சீட்டு காய்ந்து கிடந்தது. வலைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்றது. வலையோடு, சுவர் மாதிரி. ஒரு சொட்டு இந்தப் பக்கம் வரவில்லை. வலைக் கண்ணுக்குள் விரலை விட்டான். விரல் நனைந்தது. அவள் தலைமுடி விரலில் பட்டது. வலையைப் பிடித்து உலுக்கினான். அசையவில்லை. அவன் வைத்த வெல்டு.

வெளியே ஓடினான். சுத்தியல். கண்ணாடியில் ஓங்கி அடித்தான். நிரம்பிய பேரலில் அடித்த மாதிரி மந்தமாகக் கேட்டது. கீறல்கூட இல்லை. இன்னொரு அடி. சுத்தியல் கையை விட்டுப் போனது.

கோடு கண்ணாடியின் மேல் விளிம்பைத் தொட்டது.

கைப்பிடி இருந்த இடம். அதைத் தேடினான். கண்ணால் தெரியவில்லை. அவ்வளவு வழவழப்பு. தடவிப் பார்த்து நகத்தால் பிராண்டினான். பட்டி பொடியாக உதிர்ந்தது. அடியில் தகடு. முதல் நகம் மடங்கியது. இரண்டாவது பேந்தது. அவன் நிறுத்தவில்லை.

உள்ளே பானுமதி அலறவில்லை. அவள் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், இழுத்தால் திறக்கும் என்று சொன்னவனை. முந்தானை பிரிந்து அவள் தலைக்கு மேல் மிதந்தது. கை கைப்பிடியில் இருந்தது. அதன் மேல் இன்னொரு கை. அதன் மேல் இன்னொன்று. ஊறி வெளுத்த கைகள், மணிக்கட்டில் உடைந்த பச்சை வளையல். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சரியாகப் பிடிக்க வைத்துக்கொண்டிருந்தன. அவள் தோளுக்குப் பின்னால் நாலு முகங்களும் அவனைப் பார்த்துக் காத்திருந்தன.

பட்டியில் சிவப்புக் கோடுகள். அவன் இன்னும் பிராண்டினான்.

டக்.

டக்.

டக்.

டக்.

கொஞ்சம் பொறுத்து, கண்ணைத் திறந்தபடியே, பானுமதியும் இழுத்தாள். டக்.