கொஞ்சம் சொரசொரப்பு

மழை விட்டும் விடாத மாலை. மேட்டுத் தெருவின் பாதியில் அந்தச் சின்னப் பழைய கார் இருமியது, திணறியது, நின்றே போனது.

பல் டாக்டரான அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். பின் இருக்கையில் அப்பா நிமிர்ந்தபடியே இருந்தார்.

"நம்ம வீட்டுக் கார் நடுத்தெருவுல நின்னதா இதுவரைக்கும் பேச்சு வந்ததில்ல. ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்த மேடு ஏறலைன்னா வித்துடலாம்மா. நாலு பேர் சிரிக்க வேண்டாம்."

விற்பதா? அம்மா ஓட்டிய கார். இழுவை கூடட்டும் என்றுதான் இன்ஜினைப் பிரித்து வேலை செய்தாள்... இருந்த சக்தியும் போயிற்று.

பின்னால் அதே ரகத்தில் இன்னொரு சின்னக் கார். இறங்கி வந்தவனின் மூக்குக் கண்ணாடியில் மழைத்துளிகள். அவற்றுக்குப் பின்னால், சிரிப்பை அடக்கத் தெரியாத கண்கள்...

"இந்த இருமல் எனக்குத் தெரியும். பெட்ரோல் உள்ள போற வழியைத் தேய்ச்சீங்களா?"

"முகமே பாக்கலாம். அவ்வளவு பளபளப்பு."

"அதான்."

"என்ன அதான்? பல்லைத் தேய்ச்சுப் பழகின கைங்க இது."

"பல்லுக்குச் சரிங்க. இங்க கொஞ்சம் சொரசொரப்பு வேணும். இல்லைன்னா பெட்ரோல் காத்தோட கலக்காம சுவர்லயே வழிஞ்சிடும். இதே தப்பைப் பண்ணிட்டு நானும் பஸ்ல போனவன்தான். கீழ இருக்கிற ஸ்கூல்ல கணக்கு வாத்தியார்."

அவன் கை பானெட்டை நோக்கி நீண்டது.

"வெளி ஆள் எங்க இன்ஜினைத் தொடக்கூடாது." அப்பாவின் குரல் கதவைச் சாத்தியது. கை பின்வாங்கியது.

அவளுடைய வீம்பு கொஞ்ச நாள்தான் தாங்கியது. சனிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள்.

அன்று மதியம், வீட்டு ஷெட்டில், பளபளத்த அந்தப் பெட்ரோல் வழியை முரட்டு எமரித் தாளால் அவள் தேய்த்தாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல மட்டும் செய்தான். மாடி ஜன்னலில் அப்பா. மூக்குக் கண்ணாடி நழுவியபோதுகூட அந்தக் கைகள் முன்னே வரவில்லை. எதையும் தொடாத கைகளை ஏன் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்... என்று நினைத்தாள்.

"சரியா வருதா?" என்று கேட்டாள்.

"உங்க பேச்சு மாதிரியே வருது."

"எப்படி?"

"சொரசொரன்னு... மனசுல ஒட்டிக்கிற மாதிரி."

அவள் குனிந்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. அப்பா பின் இருக்கையில், அவன் முன்னால். கார் ஒரே மூச்சில் மேட்டை ஏறி உச்சியில் நின்றது, இன்ஜின் சீராக முனகியபடி.

"தம்பி, நேத்து ஒரு தடவைகூட நீங்க கையை நீட்டலையே" என்றார் அப்பா.

"வெளி ஆள் தொடக்கூடாதுன்னு சொன்னீங்களேங்க ஐயா."

அவள் சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அப்பா... இவரை வெளி ஆளா வச்சிருக்க எனக்கு இஷ்டமில்ல."

அருகில் இருந்தவன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அப்பா ஏறிவந்த மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"இன்ஜின் சூடாயிருக்கும். பானெட்டைத் திறந்து பாருங்க... மாப்பிள்ளை."