பால் வாசனைத் துணி

அவள் அந்த அறைக்குள் நுழைந்தபோது ஊரெல்லாம் சுளீரென்று வெயில். பேய் பிசாசுக்கு லாயக்கே இல்லாத நேரம். தாய்ப்பால் எடுக்கும் மெஷின், இரண்டு நாற்காலி, ஒரு திரை. அவ்வளவுதான் அறை.

அடுத்த அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது அவள் குறைமாதக் குழந்தை. உறிஞ்சத் தெம்பில்லை, குழாய் வழியாகத்தான் பால். அந்தப் பாலோ இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நேற்றெல்லாம் போராடியும் பாட்டிலின் அடிகூட நனையவில்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

"பாப்பாகிட்ட வச்ச துணியத் தரேன், மோந்து பாரும்மா. தானா இறங்கும்" என்றிருந்தாள் சிரிப்பு சிஸ்டர். எப்போதும் வாயெல்லாம் பல்லாக இருப்பவள்.

நாற்காலியில் ஒரு சின்னத் துணி மடித்துக் கிடந்தது. தனக்குத்தான் என்று எடுத்து முகர்ந்தாள். பால் வாசனை. அதற்கடியில் ஈரமண் வாசனை.

மார்பு குறுகுறுத்தது.

பால் பீச்சியடித்தது.

"என் தங்கமே! எல்லாம் உனக்குத்தாண்டா! அம்மா உன்ன விடவே மாட்டேன்!" துணிக்கு முத்தமாகக் கொடுத்தாள்.

திரைக்குப் பின்னால் சப்புக்கொட்டும் சத்தம்.

விலக்கிப் பார்த்தாள். வெறும் சுவர்.

நிறைந்த பாட்டிலோடு ஓடினாள்.

"அடேங்கப்பா! துணி இல்லாமயே இவ்வளவா?" என்றாள் சிஸ்டர்.

"நீங்க வச்ச துணிதானே சிஸ்டர்?"

"நான் இன்னும் எடுக்கவே இல்லையேம்மா. இதோ, பாப்பா தலைக்கிட்டயே இருக்கு."

அவள் கையிலிருந்த துணியை நீட்டினாள். சிஸ்டரின் சிரிப்பு அணைந்தது.

"இது... போன வாரம் போய்ச் சேர்ந்துச்சே, அந்தப் பிள்ளையோடது. அதோட சேத்துப் புதைக்கச் சொல்லி நான்தான் வச்சு அனுப்பினேன்." குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "இதுகிட்ட எதாவது சொன்னியாம்மா?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"பால் நல்ல பால்தானே? என் பிள்ளைக்குக் குடுக்கலாம்ல?"

"குடுக்கலாம்."

அது போதும் அவளுக்கு. பால் வற்றவில்லை. பிள்ளை தேறினான். துணியைச் சிஸ்டர் எரித்துவிட்டாள்.

குழாயை எடுத்த அன்று, முதன்முதலாக அவனை இடது மார்பில் போட்டார்கள். தேடினான், தவித்தான், கவ்விக்கொண்டான்.

"பிடிச்சிட்டான்! பிடிச்சிட்டான்!" சிஸ்டர் கைதட்டினாள். அவளுக்குக் கண்ணீர் கொட்டியது.

அப்போதுதான் வலது மார்பை, மூடிய சட்டைக்குள், சில்லென்று ஒரு வாய் கவ்வியது.

ஈரமண் வாசனை.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

விடவே மாட்டேன் என்று சொன்னவள் அவள்தானே. வலது கை தானாக மடிந்து வெறும் காற்றை ஏந்தியது.

கை கனத்தது.