எல்லைக் கோட்டில் ஒரு புல்

செவ்வாயின் ஆறாம் குடியிருப்பில் காலை எட்டு மணிக்கு எரிப்பான் இயந்திரங்கள் தெருவில் இறங்கும். பதிவேட்டில் பெயர் இல்லாத உயிர் எது கண்ணில் பட்டாலும் பொசுக்கிவிட்டு நகரும். பாசி, பூஞ்சை, ஒருமுறை யாரோ ஆசையாக வளர்த்த கொடி. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தாவரப் பதிவாளர் செண்பகவல்லி எரிச்சலில் இருந்தாள். குழாய் கசிந்த இடத்தில், எவரும் விதைக்காமல், முழங்கால் உயரத்துக்கு ஒரு புல் முளைத்திருந்தது. பூமியின் எந்தப் பேரினத்திலும் அடங்காத காட்டுப்புல். அதை எரிக்காமலிருக்க அவள் கேட்டு வாங்கிய ஒரு வார அவகாசம் நாளைக் காலையோடு முடிகிறது; அதற்குள் ஒரு பேரினப் பெயர் பதிவாகாவிட்டால் சாம்பல்தான். ஆறு நாட்களாகப் பெயர்க்குழுவின் முன் உட்கார்ந்திருக்கிறாள்.

அங்கே சச்சரவு புல்லைப் பற்றி இல்லை, பெயரைப் பற்றி. எது முளைத்தாலும், அந்தத் தெருக்காரர்கள் செவ்வாய்க்கு வந்திறங்கிய கப்பலின் பெயரை வைப்பது அங்கத்திய வழக்கம். இதுவோ வைகைக் கப்பலார் தெருவுக்கும் பொருநைக் கப்பலார் தெருவுக்கும் நடுவே, எல்லைக் கோட்டின் மேலேயே முளைத்துத் தொலைத்திருந்தது.

"எங்க பக்கந்தான் அடர்த்தியா இருக்கு," என்றார் வைகைக்காரர் ஞானசிகாமணி.

"எங்க குழாய்த் தண்ணியக் குடிச்சா அடர்த்தியா இருக்காதா?" என்றாள் பொருநைக்காரி உலகம்மை.

"ரெண்டும் ஒரே வேருங்க. வகைகாணி மெஷின்ல மூணு தடவை மரபணு பாத்தாச்சு," என்றாள் செண்பகவல்லி.

"மெஷினுக்கு என்னம்மா தெரியும் நம்ம வித்தியாசம்?" என்றார் ஞானசிகாமணி. உலகம்மை அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

பொழுது சாய்ந்தது. அலுத்துப்போன செண்பகவல்லி, ஒரு பதிவாளர் செய்யக்கூடாததைச் செய்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வைகையம், அந்தப் பக்கம் பொருநையம் என்று ஒரே புல்லை இரண்டு பேரினங்களாகப் பதிந்தாள். மறுநாள் எரிப்பான்கள் புல்லை முகர்ந்துவிட்டு ஒதுங்கிப் போயின.

பத்தே நாள். ஞானசிகாமணியும் உலகம்மையும் முதல்முறையாகச் சேர்ந்து வந்தார்கள்.

"காத்துல வித பறந்து அவங்க புல்லு எங்க பக்கம் மொளச்சிருச்சும்மா," என்றார் ஞானசிகாமணி.

"இவங்களது எங்க பக்கமுந்தான். கலந்ததெல்லாம் பிடுங்கிரு. ரெண்டு தெருவும் பேசி முடிவு பண்ணியாச்சு," என்றாள் உலகம்மை.

"எது கலந்ததுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

"உன் மெஷின் எதுக்கு இருக்கு?"

வகைகாணி நிதானமாகப் பேசியது. "வேறுபாடே இல்லாதவற்றை வேறு வேறு என்று பிரிக்க என்னிடம் விதி இல்லை. முன்மாதிரி இருந்தால் செய்யலாம். பூமியின் ஆவணங்கள் முழுவதையும் தேடுகிறேன்."

செண்பகவல்லி நாற்காலியில் சாய்ந்தாள். எந்தத் தாவர நூலிலும் அப்படியொன்று கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். இனி இவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

"தாவரப் பிரிவில் முன்மாதிரி ஏதும் இல்லை," என்றது வகைகாணி.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மனிதர் பிரிவில் ஏராளமாக இருக்கிறது. பிடுங்கத் தொடங்கட்டுமா?"