விளக்கு மலையேறிவிட்டது

தினமும் காலை எட்டு மணிக்குச் செவியன் கேள்வி கேட்கும். மலையடிவாரத்துக் குடிலில் எத்தனை பேர், உடம்பு எப்படி, வாசலில் வழிவிளக்கு எரிகிறதா. அந்த வடதுருவத் தீவில் எங்கள் குரலைக் கேட்க இருந்தது அந்தக் கேட்பொறி ஒன்றுதான். நான் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது என் கணவர் சோமு ஜன்னலில் ஒட்டிக்கொண்டு, எதிரே கடற்கரையில் மந்தையாகக் கிடக்கும் வால்ரஸ்களின் குட்டிகளை எண்ணுவார். பதினோரு வருடம் காத்திருந்து கிடைத்த அனுமதி. தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு.

ஐந்தாம் நாள் மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். செவியனிடம் கத்தினேன்.

"ஆளில்லா விமானம் மருந்துடன் புறப்பட்டது. பனிமூட்டம் அதிகம். விளக்கு உள்ள இடத்தில்தான் இறங்கும். விளக்கின் நிலை?"

கதவைத் திறந்து பார்த்தேன். காலையில் எரிந்த விளக்கு எரியவில்லை.

"விளக்கு மலையேறிருச்சு! சீக்கிரம் வரச் சொல்லு!"

"பதிவானது."

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்தது என்று சொன்னால் வாயில் அடி விழும். எழுபது மொழி தெரிந்த பொறிக்கு இது ஒன்று தெரியவில்லை. விமான இரைச்சல் குடிலைத் தாண்டிப் போனது.

"மலையுச்சியில் இறங்கியது," என்றது செவியன்.

"ஐயோ, அங்க இல்ல! இங்க கரைக்கு வரச் சொல்லு!"

"இயலாது. ஒரு பயணத்துக்கு ஒரே தரையிறக்கம். ஓசைக்கு மந்தை மிரண்டால் குட்டிகள் மிதிபட்டுச் சாகும். அனுமதிப் படிவத்தில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்."

இட்டிருந்தோம். நியாயமான சட்டம் என்று அன்று கொண்டாடியவரே சோமுதான்.

"நான் போய் மருந்த எடுத்துட்டு வரேங்க. கண்ண மூடிராதீங்க."

"பாத்துப் போ நாச்சி," என்றார். "பாறை வழுக்கும்."

வழுக்கியது. விழுந்து, எழுந்து, பொறியையும் என் வாயையும் திட்டிக்கொண்டே ஏறினேன். மருந்துப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு உருளாத குறையாக இறங்கி வந்தேன். சோமுவின் கண்கள் திறந்துதான் இருந்தன. கையைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. வெளியே ஒரு குட்டிகூட மிரளவில்லை.

"பயணியின் நிலை?" என்றது செவியன்.

சிவலோகம் போய்விட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். பயமாக இருந்தது. அதற்கும் இடம் தேடி ஒரு விமானம் அனுப்பும்.

"செத்துட்டாரு," என்றேன்.

"பதிவானது."

இந்த முறை அது சரியாகவே புரிந்துகொண்டது.