இரட்டை உதறல்

மனித இனம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததே, என்றைக்காவது ஒருநாள் ககாரின் வந்து பிறப்பான் என்ற நம்பிக்கையில்தான். இதைச் சொன்னவன் ககாரின். அஞ்சல் நிலைய வாசலில், தூறலில், சைக்கிள் சீட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. பெயர், தொழிற்சங்கக்காரரான தாத்தா வைத்தது. தன்னம்பிக்கை, முன்னாள் பேருந்து ஓட்டுநரான அப்பா மாசிலாமணி வைத்தது.

"பிரேக்கு எதுக்குத் தெரியுமா? வண்டி நின்னப்புறம் உருளாம இருக்கிறதுக்கு" என்றான் அடுத்து. இது அப்பாவின் வாக்கு.

"பேசி முடிச்சிட்டியா? பட்டிய மாட்டு" என்றாள் சலோமி.

இருவரும் ஒரு வருடமாகத் தற்காலிக அஞ்சலோட்டிகள். மருந்து அஞ்சலில் நிரந்தர வேலை ஒன்றுதான் காலி. இன்று தேர்வு. மந்தைவெளி மேட்டில் புறப்பட்டு, கடல் ஏறி அடையாறு மதகு மூடுவதற்குள் அதை யார் முதலில் கடக்கிறார்களோ அவருக்கு வேலை. மதகு மூடிவிட்டால் இருவருக்கும் இல்லை.

கடல் ஊருக்குள் குடிவந்த பிறகு சென்னையில் சாலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. முதல் மாடி உயரத்தில் கட்டிய மேட்டுப்பாதைகள்தான் எல்லாம். எதிரெதிரே இருவர் குடை பிடித்து வந்தால் ஒருவர் மடக்கியாக வேண்டும், அவ்வளவுதான் அகலம். அதில்தான் நடப்பவரும், சைக்கிளும், கீரைக் கூடையும், நாயும், நாயைப் பிடித்தபடி வானத்தைப் பார்த்து போன் பேசுகிறவரும்.

புறப்பட்ட சற்று நேரத்திலேயே மூன்று பேர் கைகோத்துக்கொண்டு பாதையை அடைத்து நடந்தார்கள். ஊரே மூழ்கினாலும் இந்தப் பழக்கம் மட்டும் மிதக்கிறது என்று நினைத்தான் ககாரின். கைப்பிடிச் சுவருக்கும் ஓரத்தில் போன பெண்ணுக்கும் நடுவே, ஒரு முழம்கூட இல்லாத சந்தில், சத்தமில்லாமல் நுழைந்து வெளியேறினான். "ஐயோ!" என்று குரல் எழுந்தது. அதே கணத்தில் அவன் நெஞ்சிலும் யாரோ உள்ளங்கையால் அறைந்ததுபோல் ஒன்று விழுந்தது. ஹேண்டில்பார் அசையவில்லை.

"மிளகாய்" என்று பின்னால் வந்த சலோமியிடம் திரும்பிச் சொன்னான். "காரம் கம்மிதான்."

அந்த அறையின் பெயர் உதறல். சைக்கிள்கள் மோதி எலும்பு முறிகிறவர்கள் அதிகமானபோது அரசு ஒரு குழு அமைத்தது. பாதையை அகலப்படுத்துங்கள் என்றது குழு. பணமில்லை. எனவே மனத்தை அகலப்படுத்தலாம் என்று முடிவாகி, பதற்றப் பகிர்வுச் சட்டம் வந்தது. நடப்பவர் காதில் ஒரு திடுக்குமணி. ஓட்டுகிறவர் மார்பில் ஒரு பகிர்பட்டி. நடப்பவருக்குத் தூக்கிவாரிப்போட்டால், கூப்பிடு தூரத்துக்குள் பின்னால் வரும் சைக்கிள்காரருக்கும் அதே அளவு, ஒரு குண்டுமணி குறையாமல், தூக்கிவாரிப்போடும்.

மணியடித்தால் உதறல் இன்னும் பலமாக வருகிறது என்பது முதல் வாரமே தெரிந்துபோயிற்று. மணிகளைக் கழற்றிவிட்டு ஊரே முணுமுணுத்துப் பாடத் தொடங்கியது. தூரத்திலிருந்தே ஒரு பாட்டு மெல்ல நெருங்கி வந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை. சலோமி கோயில் பாடகர் குழுவில் கற்ற மெட்டொன்றை வாய் திறக்காமல் இழுத்துக்கொண்டே வருவாள். ரொம்பப் பயப்படுகிறவர் முன்னால் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டே கடப்பாள்.

"நீ சைக்கிள் ஓட்டறியா, தூளி ஆட்டறியா?" என்று கேட்டான் ககாரின்.

"ஆட்டறேன். உனக்கு இன்னா போச்சு?"

"வேல போச்சு உனக்கு. வர்ட்டா, தள்ளுவண்டி!"

அவளை விட்டுவிட்டு முன்னேறினான். அவன் பாடுவதில்லை. இறங்குவதும் இல்லை. உதறலைத் தாங்குவதே ஓட்டுகிறவனுக்கு அழகு என்பது அவன் கட்சி. வேகமாகப் போகும்போது முகங்கள் தெரிவதில்லை, முதுகுகள்தான். அதிலும் மழைக்காலத்தில் எல்லா முதுகும் மாநகராட்சி கொடுத்த மஞ்சள் மழைக்கோட்டு. ஆகவே அஞ்சலோட்டிகள் ஆட்களை உதறலை வைத்தே அடையாளம் கண்டார்கள். மிளகாய் என்றால் சுருக்கென்று ஏறி இறங்குவது. ஈரச்சாக்கு என்றால் நெஞ்சில் கனமாக வந்து உட்காருவது. எல்லாவற்றுக்கும் மேலே இரட்டை உதறல். முதலில் ஒரு சின்னத் தட்டல். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பெரியது. நல்ல நல்ல ஓட்டுநர்கள் அதில் தடுமாறிச் சுவரில் உரசியிருக்கிறார்கள். அசையாமல் கடந்தவன் ககாரின் ஒருவன்தான். டீக்கடையில் இதற்கென்று அவனுக்கு ஒரு மரியாதை இருந்தது.

போன வாரம் சாப்பிடும்போது இதை வீட்டிலும் நடித்துக் காட்டினான். முதல் தட்டலுக்குத் தோளையும், இரண்டாவதற்கு உடம்பு முழுவதையும் தூக்கிப்போட்டான். அம்மா புரையேறும்வரை சிரித்தாள்.

"எவனோ பயந்தாங்கொள்ளி" என்றார் மாசிலாமணி, தட்டைப் பார்த்துக்கொண்டே. "வூட்ல உக்கார வேண்டியதுதான?"

போன மழையில் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவர் நீரேற்று நிலைய வேலைக்குப் படகில்தான் போய்வந்தார். நடக்கிறதெல்லாம் வேலையத்தவன் செய்யிறது என்பார்.

மழை வலுத்தது. பாதையில் ஒருவர் குடையை நடுவில் விரித்துவைத்து அதற்குள் செருப்பு வார் தைத்துக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு கீரைக் கூடைக்காரி. வலப்பக்கம் போனால் அவளும் வலம், இடம் போனால் அவளும் இடம். ககாரினுக்குப் பல்லைக் கடித்துத் தாடை வலித்தது. ஒரு ஊரில் நேராக நடப்பதற்குக்கூட வகுப்பு எடுக்க வேண்டுமா? அங்கே கடல் ஏறிக்கொண்டிருக்கிறது, இங்கே இவள் கோலம் போடுகிறாள்.

அப்போது நெஞ்சில் சின்னதாக ஒரு தட்டல். உடனே பெரியது.

இரட்டை உதறல்! ஆனால் கூடைக்காரியிடமிருந்து அல்ல. அவளுக்கும் வெகு முன்னால், வளைவில், மஞ்சள் கோட்டு ஒன்று சுவரோரமாகப் போய்க்கொண்டிருந்தது. மறுபடியும் தட்டல், மறுபடியும் இடி. கூடையை ஒருவழியாகக் கடந்தான். இன்னொரு ஜோடி. சங்கிலி கறகறத்தது; அதற்கொரு ஜோடி.

'நான் இன்னும் வரவே இல்லையேய்யா' என்று எரிச்சலோடு முனகினான். கிட்டே போகும்போது ஒன்று விழுந்தால் நியாயம். வராதவனுக்கும் சேர்த்தா ஒரு மனுஷன் பயப்படுவான்? இந்த ஆள் வீட்டு வாசலில் தொடங்கி வேலையிடம்வரை இப்படியேவா நடக்கிறார்?

தூரத்தில் மதகின் சங்கு ஊத ஆரம்பித்தது. ஊதி முடிந்தால் கதவு இறங்கிவிடும். வளைவுக்கு அப்பால் பாதை காலி. இந்த ஒரு முதுகுதான். ககாரின் எழுந்து நின்று மிதித்தான்.

மஞ்சள் கோட்டு நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைப் பொத்தி, மறு கையைப் பின்னால் நீட்டி, போ போ என்று ஆட்டியது.

"போங்க தம்பி... ஒதுங்கிட்டேன். போங்க, போங்க."

நிரம்பி வழியும் பேருந்தில் கடைசிப் படிக்கட்டுவரை கேட்ட குரல் அது. அந்தக் குரல் யாரையும் 'போங்க' என்று சொல்லி ககாரின் கேட்டதில்லை. லாரிக்காரனிடம் சொன்னதில்லை, போலீஸ்காரரிடம் சொன்னதில்லை.

குளியலறையில் வழுக்கினால் இடுப்பின் பக்கவாட்டில், ஹேண்டில்பார் உயரத்தில், நீளவாக்கில் கன்றிப்போகுமா என்று தைலம் தேய்த்த அன்று அவனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது. வீட்டிலிருந்து படகுத்துறைக்குப் போகும் வழி இந்தப் பாதைக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது என்பதும் இப்போதுதான் தோன்றியது.

கடப்பதற்கு ஒரு மூச்சு நேரம் போதும். உதறல் ஒன்று விழும். அதைத் தாங்குவதில் அவன்தான் மன்னன்.

பிரேக்கைப் பிடித்தான். நனைந்த ரப்பர் கிறீச்சிட்டது. அதற்கும் ஒரு ஜோடி வந்து நெஞ்சில் விழுந்தது. இந்த முறை ஹேண்டில்பார் ஆடியது. இறங்கி நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும். வாயைத் திறந்தால் குரல் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த மனிதர் இனி எந்தத் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவார்?

வாயை மூடிக்கொண்டு முணுமுணுக்கத் தொடங்கினான். அவனுக்கு வந்தது ஒரே மெட்டு, சலோமியுடையது. அதுவும் அரைகுறை.

மஞ்சள் கோட்டின் தோள்கள் மெல்ல இறங்கின. கை இடுப்பை விட்டது. சுவரைத் தடவிக்கொண்டு அடியெடுத்து வைத்தது. தட்டலும் இல்லை, இடியும் இல்லை.

பின்னாலிருந்து அதே மெட்டு சரியான சுருதியில் நெருங்கி வந்து சட்டென்று நின்றது. "டேய்! சங்கு ஊதறான், இங்க நின்னு இன்னா..." என்று தொடங்கிய சலோமி, அவன் இறங்கி நிற்பதைப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்திருப்பதைப் பார்த்தாள். முன்னால் போகும் முதுகைப் பார்த்தாள். ககாரின் கையால் அவளைப் போகச் சொன்னான்.

"தள்ளுவண்டி" என்றாள் மிக மெதுவாக. அதில் கேலி இல்லை. இறங்கி, தள்ளிக்கொண்டு போனாள். "அண்ணே, இந்தப் பக்கமா வரேன்." மஞ்சள் கோட்டு பதறாமல் ஒதுங்கி வழிவிட்டது. வளைவு தாண்டியதும் ஏறி, பறந்தாள்.

சங்கு நின்றது. மதகுக்கதவு இறங்கும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது.

"நீங்க போவலியா தம்பி?" என்றார் மாசிலாமணி, திரும்பாமலே.

ககாரின் முணுமுணுத்தான்.

"சரி, பாடுங்க. பின்னாடி ஆள் இருக்குன்னு தெரிஞ்சா ஒண்ணுமில்ல. தெரியாமப் பூனை மாரி வர்றானுங்க பாருங்க, அவனுங்கதான்..." பாதியில் விட்டுவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு சொன்னார்: "சுதி எறங்குது."

ககாரின் சுருதியை ஏற்றிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே பின்னால் நடந்தான்.