வேரில்லாச் சோளம்

மண் ஆய்வுக்கூடத்தில், நல்ல மண்ணில் முளைத்த சோளம் கதிரவனை நாடிச் சாளரத்தின் பக்கம் சாய்ந்திருக்க, சுரங்கக் கழிவுமண்ணில் முளைத்தது மட்டும் ஆய்வாளரான அவள் அமரும் நாற்காலியை நோக்கிச் சாய்ந்திருந்தது. ஒளி சமமாகப் படவேண்டுமென்று நாள்தோறும் தொட்டிகளைத் திருப்பிவைப்பாள். மறுநாள் கழிவுமண் செடிகள் மீண்டும் நாற்காலியையே நோக்கும். நீர் வார்த்தால் மண்வாசம் எழுவதில்லை. துருவேறிய இரும்பை நாவில் வைத்தாற்போன்ற நெடியொன்று எழுந்து தொண்டையில் தங்கிவிடும்.

ஆய்வு தொடங்கிய வாரமே, மலையாகக் குவிந்துகிடந்த அந்த மண்ணைப் பரப்பி, விளைநிலமென்று சொல்லி, சுரங்கத்துக்கு நிலமிழந்தவர்களுக்குப் பங்கிட்டுவிட்டார் சுரங்க இயக்குநர். அதில் ஒரு பங்கு, அண்ணன் மறைந்தபின் தனித்து நின்ற அண்ணிக்கும் அவள் மூன்று வயது மகளுக்கும் விழுந்தது. மண் பயிருக்கு ஏற்றதென்ற சான்றிதழில் இனி வேண்டியது ஆய்வாளரின் கையெழுத்து ஒன்றே.

"பச்சைப் பசேல்னு நிக்குது! இன்னும் என்னம்மா சந்தேகம்?" என்றார் இயக்குநர்.

"ஈயம் மண்டிக் கிடக்கிற மண்ணு சார். இதுல பயிர் வெளிறிச் சாகணும். தழைக்கிறதுதான் பயமா இருக்கு."

"செத்தாலும் குத்தம், பொழைச்சாலும் குத்தமா? குத்தம் சொல்றதுல உங்ககிட்ட மாமியாரே தோத்தாங்க போங்க!"

சிரித்தபடியே போனார். மண்ணைத் தொழுது உண்ட மக்களுக்கு நஞ்சை வாரி வழங்கிவிட்டு நகைக்கவும் ஒரு வாய்!

சினம் ஆறாமலே ஒரு கழிவுமண் தொட்டியைக் கவிழ்த்து, எடைபோடுவதற்காக வேரைத் தட்டிலிட்டுக் கழுவினாள். மண் கரைந்தது. வேர் இல்லை. கறுத்துச் சூம்பிய நான்கு முண்டுகள். நீரை உறிஞ்சும் மயிரிழை ஒன்றுகூட இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? இது எதைத் தின்று தழைத்தது?

இரண்டாம் தொட்டி. முண்டு. மூன்றாவது. முண்டு.

கைபேசியை எடுத்தபோதுதான் தன் நகக்கண்கள் வெளுத்திருப்பதைக் கண்டாள்.

"அண்ணி, பாப்பாவோட உடனே அங்கிருந்து கெளம்புங்க."

"நல்லா இருக்கே! பயிரு ஆளுயரம் நிக்குது, விட்டுட்டு வரச் சொல்றியே. பாப்பாதான் ரெண்டு நாளா சுருண்டு சுருண்டு படுக்குறா. வெளுத்துப் போயிட்டா. சோள நெழல்ல படுக்க வெச்சிருக்கேன்."

"தூக்குங்க அண்ணி! மொதல்ல அவளைத் தூக்குங்க!"

"எதுக்குடி இப்படிக் கத்துற? இரு..."

செருப்போசை. சருகு நொறுங்கும் ஒலி.

"என்னடி இது... பஞ்சு மாதிரி இருக்கா... கனமே இல்லையே..."

அந்தக் குரலுக்குப் பின்னால், காற்றசையா உச்சிவெயிலில், ஆயிரம் தோகைகள் ஒருசேர விழுங்கும் ஓசை.

மடக்.

மடக்.