நத்தை ஏறிய விண்கலம்

வகுப்பில் அவளுக்கு மின்னல் என்று பெயர். ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பதில் சரியா என்பது வேறு விஷயம். தப்பு என்று தெரிவதற்குள் அடுத்த பதிலுக்குத் தாவிவிடுவாள்.

பக்கத்தில் உட்காருகிறவளுக்கு நத்தை என்று பெயர். எழுதுவாள், அழிப்பாள், சரிபார்ப்பாள், அப்புறம்தான் கையைத் தூக்குவாள். அதற்குள் மணி அடித்துவிடும். அந்தப் பெயரை வைத்தது மின்னல்தான். வீட்டில் அம்மாவிடம் இந்தப் பெயர்களைப் பற்றி அவள் மூச்சு விட்டதில்லை.

அன்று வகுப்பே மின்னலின் அம்மா வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது. விண்கலத்துக்குள் வைக்கிற கம்ப்யூட்டர் சிப்பைத் தேர்ந்தெடுப்பது அம்மாவின் வேலை. தலைமை ஆசிரியர் கோட்டும் டையும் போட்டு வந்திருந்தார், விண்கலத்தில் அவரே ஏறப் போகிறவர் மாதிரி.

"யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள் மின்னல், ஆய்வுக்கூடமே தன்னுடையது போல. "என்ன சந்தேகம்னாலும் என்னைக் கேளுங்க."

"பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டான் கடைசி பெஞ்சுக்காரன்.

அது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

ஓர் அறையில் இரண்டு திரைகள் இருந்தன. அம்மா சொன்னார்: "இந்தத் தடிமனான சுவருக்கு அந்தப் பக்கம் ரெண்டு சிப் இருக்கு. ஒண்ணு புதுசு, ரொம்ப வேகம். இன்னொண்ணு பழைய மாடல், மெதுவாத்தான் வேலை செய்யும். விண்வெளியில கண்ணுக்குத் தெரியாத துகள்கள் சதா பாஞ்சுக்கிட்டே இருக்கும். ஒண்ணு வந்து பட்டாலும் சிப்புக்குள்ள இருக்கிற எண் மாறிடும். இங்கயும் அதே மாதிரி துகளைப் பாய்ச்சிப் பார்க்கப் போறேன். தாக்குப்பிடிக்கிறதுதான் மேலே போகும்."

"வேகம்தான் முன்னேற்றம்," என்றார் தலைமை ஆசிரியர். "புதியதுதான் போகும்."

"அம்மா, பேரு வைக்கலாம்," என்றாள் மின்னல். "வேகமானது மின்னல். மெதுவானது நத்தை."

வகுப்பு சிரித்தது. நத்தை குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். விவரம் தெரியாத அம்மா, "நல்லா இருக்கே," என்று அந்தப் பெயர்களைக் காகிதத்தில் எழுதித் திரைகளுக்கு மேலே ஒட்டினார்.

சோதனை தொடங்கியது. முதல் திரையில் கூட்டல் கணக்குகளின் விடைகள் மளமளவென்று கொட்டின. கொஞ்ச நேரத்தில் ஏழும் ஐந்தும் நாலாயிரத்து நூற்றெட்டு என்று காட்டியது.

"பாருங்க, மின்னல் உளற ஆரம்பிச்சிடுச்சு," என்றார் அம்மா.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"உளறினாக்கூடப் பரவாயில்ல. உளறுறோம்னு அதுக்கே தெரியல. தைரியமா அடுத்ததுக்குத் தாவிடுது. மின்னல்கிட்ட பிரச்சினையே அதுதான்."

"எங்களுக்குத் தெரியும் ஆன்ட்டி," என்றான் கடைசி பெஞ்சுக்காரன் ரொம்பப் பணிவாக.

மின்னலுக்குக் காது இரண்டும் சுட்டது.

"நத்தை மேலயும் துகள் படத்தான் செய்யுது," என்று அம்மா உற்சாகமாகத் தொடர்ந்தார். "ஆனா ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்து, மாறியிருந்தா திருத்திக்கிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகுது. மின்னலை நம்பினா விண்கலம் வழி தெரியாம எங்கயாவது போயிடும்."

அம்மா மின்னல் என்று சொன்னபோதெல்லாம் வகுப்பு மொத்தமும் மகளைத் திரும்பிப் பார்த்தது. அவள் மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒரே கம்பிகள்.

சிரிக்காமல் இருந்தவள் நத்தை ஒருத்திதான். மின்னலுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது.

"நிதானம்தான் முன்னேற்றம். நான் அப்போதே நினைத்தேன்," என்றார் தலைமை ஆசிரியர், டையைச் சரிசெய்துகொண்டே.

"அப்போ பழசுதான் போகுது," என்று அம்மா ஒரு சின்னத் தகட்டை எடுத்தார். "சிப் வைக்கிற பெட்டியில இதை ஒட்டுவோம். நத்தைன்னே பொறிச்சிடட்டுமா?"

"நத்தை! நத்தை!" என்று வகுப்பு கத்தியது. இப்போது எல்லாரும் பார்த்தது பக்கத்து இடத்துக்காரியை. அவள் முகம் சுருங்கிவிட்டது.

கேலிக்கு வைத்த பெயர். இனி அது விண்வெளி வரைக்கும் போகும். உண்மையைச் சொன்னால் மானம் போகும். ஆனால் போக வேண்டிய மானம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மின்னல் கையைத் தூக்கினாள். வாயைத் திறப்பதற்கு முன் அவள் கையைத் தூக்கியது அதுவே முதல் தடவை.

"எழுதாதேம்மா. அது இவளைக் கேலி பண்ண நான் வெச்ச பேரு. மின்னல்ங்கிறது... நான்."

அம்மா காகிதங்களைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தான் பேசியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவர் முகமும் சிவந்துபோனது.

"அப்போ வேற என்ன பேரு வைக்கலாம்?"

மின்னலின் நாக்கு நுனியில் ஒரு பதில் தயாராக இருந்தது. விழுங்கிக்கொண்டாள். "நீ சொல்லு," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமினார். "என் பெயரைக்கூட..."

"சார், அவ யோசிக்கட்டும்," என்றாள் மின்னல்.

கடைசியில் பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "ஆன்ட்டி, மேலே போனது திரும்பி வருமா?"

"வராதும்மா. போய்க்கிட்டே இருக்கும்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்போ நத்தைன்னே எழுதுங்க. அந்தப் பேரு அங்கயே இருந்துக்கட்டும்."

மின்னல் தகட்டை எட்டிப் பார்த்தாள். "ஓரத்துல இடம் இருந்தா மின்னலையும் எழுதிடும்மா."

விண்கலம் கிளம்பிய மறுநாள், கடைசி பெஞ்சுக்காரன் பழக்க தோஷத்தில், "ஏய் நத்தை, ரப்பர் குடு," என்றான்.

இருவரும் ஒன்றாக ஜன்னலுக்கு வெளியே வானத்தைக் கைகாட்டினார்கள்.